ஆச்சி சொன்ன வசனமும் பெரியவளின் ஹீமோகுளோபினும்: பெண்பிள்ளைகளை ஓடியாட வைப்பது எப்படி?

பாளை அம்மா (பிப்ரவரி 6, இரவு 9.40)

எல்லாருக்கும் ஸ்தோத்திரம். எனக்கு இரண்டு பெண்பிள்ளைகள். பெரியவளுக்கு 13, சின்னவளுக்கு 9.

மூன்று வாரத்துக்கு முன் ஞாயிறு ஆராதனையில், பாடகர் குழுவில் நின்ற பெரியவள் இரண்டாம் பாட்டு முடிவதற்குள் அப்படியே சாய்ந்துவிட்டாள். பக்கத்தில் நின்ற பிள்ளை பிடித்ததால் தலையில் அடிபடவில்லை. மறுநாள் ரத்தம் எடுத்துப் பார்த்தோம். ஹீமோகுளோபின் 9.4.

டாக்டரம்மா என்னிடம் இரண்டே கேள்விதான் கேட்டார்கள். "ஞாயிற்றுக்கிழமை காலையில் என்ன சாப்பிட்டாள்?" ஒன்றும் சாப்பிடவில்லை. நான் நற்கருணை வாங்கும்வரை பச்சைத்தண்ணீர்கூடக் குடிக்க மாட்டேன். அவளுக்கு இன்னும் திடப்படுத்தலே (நற்கருணை வாங்கத் தொடங்கும் முன் நடக்கிற சடங்கு) ஆகவில்லை, நற்கருணை எடுக்கிற வயசும் இல்லை. யாரும் அவளை உபவாசம் இருக்கச் சொல்லவில்லை. என்னைப் பார்த்து அவளாகவே அப்படி இருந்திருக்கிறாள். வார நாளிலும் இதே கதைதான். நான் டீ குடித்துவிட்டு எல்லாரையும் அனுப்பிவிட்டுப் பத்தரைக்குச் சாப்பிடுகிறேன். அவள் டீயும் அரை இட்லியுமாக ஆட்டோ ஏறுகிறாள்.

இரண்டாவது கேள்வி, "விளையாடுவாளா?" அதற்கும் இல்லை என்றுதான் சொன்னேன். பெரியவளாகும்வரை தெருவில் சைக்கிள் ஓட்டினாள். அப்புறம் நாங்களே நிறுத்திவிட்டோம். பள்ளிக்கூடம் வீட்டிலிருந்து ஒன்றரைக் கிலோமீட்டர்கூட இருக்காது, அதற்கும் ஆட்டோ. பி.டி. பீரியடைக் கணக்கு டீச்சர் வாங்கிக்கொள்கிறார்களாம்.

சாயங்காலம் வளையப்பந்து பழகட்டும் என்று நினைத்தேன். அத்தை அதற்கு ஒரே வசனத்தைச் சொன்னார்கள்: "சரீர முயற்சி அற்ப பிரயோஜனமுள்ளது." அத்தையைக் குறையாகச் சொல்லவில்லை. நாலரைக்கு எழுந்து இந்தப் பிள்ளைகளுக்காக முழங்காலில் நிற்கிறவர்கள் அவர்கள். ஆனால் எனக்குப் பதில் சொல்லத் தெரியவில்லை. ஈஸ்டருக்கு முந்தின லெந்து உபவாச நாட்கள் வேறு நெருங்கி வருகிறது. உங்கள் வீடுகளில் எப்படிச் செய்கிறீர்கள்? பிள்ளைகளுக்கு எப்படிச் சொல்லிக்கொடுக்கிறீர்கள்?

வேலூர் நர்ஸ் (பிப்ரவரி 6, இரவு 10.25)

அக்கா, முதலில் மாத்திரையைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன். 12 வயதுக்கு மேல் பெண்பிள்ளைக்கு ஹீமோகுளோபின் 12 கிராமாவது இருக்க வேண்டும். 9.4 என்பது கீரையும் பேரீச்சம்பழமும் மட்டும் கொடுத்துச் சரிசெய்கிற அளவு இல்லை. டாக்டர் எழுதிக்கொடுத்த இரும்புச்சத்து மாத்திரையைச் சொன்ன காலம்வரை விடாமல் கொடுங்கள். எண்ணிக்கை ஏறிய உடனே நிறுத்திவிடக் கூடாது. மலம் கறுப்பாகப் போகும், பயப்பட வேண்டாம். டீ, காபி, பால் இவற்றோடு மாத்திரையைக் கொடுக்காதீர்கள். எலுமிச்சைச் சாறோடு கொடுத்தால் நன்றாகச் சேரும். பூச்சி மாத்திரை கொடுத்து எத்தனை மாதம் ஆச்சு என்றும் பாருங்கள்.

அந்தக் காலை டீயைச் சாப்பாட்டோடு கொடுப்பதுதான் பெரிய எதிரி. டீயில் இருக்கிற துவர்ப்பு இரும்பைப் பிடித்துக்கொள்ளும், உடம்பில் சேரவிடாது. சாப்பாட்டுக்கும் டீக்கும் ஒரு மணி நேரமாவது இடைவெளி விடுங்கள்.

உங்கள் மகள் தனி ஆள் இல்லை. 2019-21இல் எடுத்த தேசியக் குடும்பநலக் கணக்கெடுப்பில், இந்தியாவில் 15 முதல் 19 வயதுப் பெண்பிள்ளைகளில் 59 சதவீதம் பேருக்கு ரத்தசோகை. பள்ளிக்கூடத்தில் வாரம் ஒரு முறை நீல நிற மாத்திரை கொடுப்பது இதற்காகத்தான். பாதிப் பிள்ளைகள் அதை ஜன்னல் வழியாக எறிந்துவிடுகிறார்கள். வெறும் வயிற்றில் போட்டுக் குமட்டியிருக்கும், அதுதான் காரணம். உங்கள் மகளிடமும் அன்பாகக் கேட்டுப்பாருங்கள்.

விளையாட அனுப்புவதற்கு அவசரப்பட வேண்டாம். இந்த அளவில் ஓடினால் மூச்சு வாங்கும். முதல் ஒரு மாதம் நடை போதும்.

சண்டே ஸ்கூல் ஆச்சி (பிப்ரவரி 7, காலை 5.50)

மகளே, உன் அத்தை வயசுதான் எனக்கும். நாற்பது வருஷம் ஓய்வுநாள் பள்ளியில் பிள்ளைகளோடு இருந்தவள் என்ற உரிமையில் எழுதுகிறேன்.

அந்த வசனம் 1 தீமோத்தேயு 4:8, அப்போஸ்தலன் பவுல் தன் இளம் ஊழியன் தீமோத்தேயுவுக்கு எழுதின கடிதம். அதற்கு முந்தின வசனத்தை அத்தையோடு உட்கார்ந்து வாசித்துப் பார். "தேவபக்திக்கேதுவாக முயற்சிபண்ணு" என்று இருக்கும். அங்கேயும் முயற்சி, இங்கேயும் முயற்சி. பவுல் இரண்டையும் நிறுத்துப் பார்த்து, தேவபக்தி இம்மைக்கும் மறுமைக்கும் உதவும், உடற்பயிற்சி கொஞ்சம் உதவும் என்கிறார். கொஞ்சம் உதவும் என்றால் உதவாது என்று அர்த்தமா? அடுத்த அதிகாரத்திலேயே தீமோத்தேயுவின் வயிற்றுக்கோளாறுக்கு மருந்து சொல்லுகிறார். கொரிந்தியருக்கு எழுதும்போது பந்தயச்சாலையில் ஓடுகிறவனைத்தான் உதாரணம் காட்டுகிறார். உடம்பைப் பற்றி அக்கறை இல்லாதவர் எழுதுகிற எழுத்து இல்லை அது.

ஆனால் நான் உன் அத்தைக்குக் காட்ட விரும்புவது வேறு இடம். மாற்கு 5. செத்துப்போன யவீருவின் மகளை ஆண்டவர் உயிரோடு எழுப்பின கதை. எத்தனை முறை பிளானல்கிராப் துணிப்பலகையில் படம் ஒட்டி இந்தக் கதையைச் சொல்லியிருப்பேன்! ஆண்டவர் கையைப் பிடித்து எழுப்பினதோடு நிறுத்திவிடுவேன். அதற்கப்புறம் என்ன நடந்தது என்று பார். அந்தப் பிள்ளை எழுந்து நடந்தாள். அவளுக்கு வயது பன்னிரண்டு. உடனே ஆண்டவர் சொன்னது, அவளுக்குச் சாப்பிடக் கொடுங்கள் என்று. வீடு முழுக்க ஆச்சரியப்பட்டு நிற்கிறது. அந்தப் பிள்ளைக்குப் பசிக்கும் என்று அவருக்கு மட்டும்தான் தோன்றியிருக்கிறது.

பன்னிரண்டு வயசுப் பெண்பிள்ளை நடக்க வேண்டும், சாப்பிட வேண்டும். இதை எனக்கு என் பேத்திதான் காட்டிக்கொடுத்தாள்.

கடற்கரை அம்மா (பிப்ரவரி 7, மதியம் 2.15)

ஆச்சி, கண் கலங்கிவிட்டது.

நான் குமரி மாவட்டத்துக் கடற்கரையில் பிறந்தவள். எங்கள் ஊரில் ஆண்பிள்ளை நடக்கப் பழகும்போதே நீந்தப் பழகுவான். பெண்பிள்ளைகள் கரையில் மீன் கூடையோடு நிற்போம். 2004 டிசம்பர் 26, கிறிஸ்துமஸுக்கு மறுநாள், சுனாமி வந்த ஞாயிற்றுக்கிழமை. என் சித்தி மகள் போனாள். அவள் தம்பி ஒரு தென்னையைப் பிடித்துத் தப்பினான். அந்த அலையில் நீச்சல் தெரிந்தவர்களும் போனார்கள், அதையும் சொல்ல வேண்டும். ஆனால் கல்லறைத் தோட்டத்தில் அந்தத் தேதி போட்ட பெயர்களை வாசிக்கும்போது பெண்களும் பிள்ளைகளுமாகவே வரும்.

அதனால் என் மகள்கள் மூன்று பேருக்கும் ஆறு வயதிலேயே நீச்சல். கடலில் இல்லை, என் அண்ணன் வீட்டுப் பக்கத்துக் குளத்தில். மூடியை இறுக்கின ஐந்து லிட்டர் கேனை முதுகில் கட்டி, முதலில் மிதக்கப் பழகினார்கள். சுடிதார் போட்டுக்கொண்டுதான் நீந்துகிறார்கள். தண்ணீரில் தவறி விழும்போது எந்த உடுப்பில் இருப்பார்களோ அந்த உடுப்பில் பழகட்டும் என்று அண்ணன் சொன்னான். ஊரில் இரண்டு பேர் பேசினார்கள். எங்கள் பங்குச் சாமியார் ஒருநாள் குளத்துக்கரையில் வந்து நின்று பார்த்துவிட்டு, பூசையில் எல்லாப் பெற்றோரிடமும் பிள்ளைகளுக்கு நீச்சல் கற்றுக்கொடுக்கச் சொன்னார். அப்புறம் பேச்சு நின்றது.

பி.டி. டீச்சர் (பிப்ரவரி 7, இரவு 8.30)

22 வருடமாகப் பெண்கள் பள்ளியில் உடற்கல்வி ஆசிரியை. கணக்கு டீச்சர் பீரியடை வாங்குவதைப் படித்ததும் மனசு வலித்தது. எங்கள் பள்ளியிலும் பத்தாம் வகுப்புக்கு அதுதான் நடக்கிறது. பெற்றோர் கூட்டத்தில் ஒரு அம்மாகூட அதைப் பற்றிக் கேட்டதில்லை. தயவுசெய்து கேளுங்கள். நாங்கள் கேட்டால் எடுபடாது, நீங்கள் கேட்டால் எடுபடும்.

விளையாட்டு விசுவாசத்துக்கு வெளியே இருக்கிற விஷயம் என்று நம் ஆட்கள் நினைப்பது எனக்கு எப்போதும் வியப்புதான். கூடைப்பந்தைக் கண்டுபிடித்த ஜேம்ஸ் நெய்ஸ்மித், 1891இல் அமெரிக்காவில் ஸ்பிரிங்ஃபீல்டு ஒய்.எம்.சி.ஏ. (கிறிஸ்தவ வாலிபர் சங்கம்) பயிற்சிப் பள்ளியில் ஆசிரியராக இருந்தவர். கைப்பந்து 1895இல் இன்னொரு ஒய்.எம்.சி.ஏ.வில் பிறந்தது. சென்னையில் 1920இல் ஹாரி க்ரோ பக் தொடங்கிய ஒய்.எம்.சி.ஏ. உடற்கல்விக் கல்லூரியிலிருந்துதான் நம் ஊர்ப் பள்ளிகளுக்கு விளையாட்டு ஆசிரியர்கள் வந்தார்கள். ஒய்.எம்.சி.ஏ. முக்கோணத்தின் மூன்று பக்கமும் ஆவி, மனம், சரீரம். மூன்றாவது பக்கத்தை மட்டும் பெண்பிள்ளைகளுக்கு மறைத்துவிட்டோம்.

உலக சுகாதார நிறுவனம் 2020இல் சொன்ன கணக்கு: 5 முதல் 17 வயதுவரை நாளுக்குச் சராசரியாக 60 நிமிடம், மூச்சு கொஞ்சமாவது வாங்குகிற மாதிரி உடம்பு அசைய வேண்டும். வாரத்தில் மூன்று நாளாவது எலும்புக்கும் தசைக்கும் வேலை, அதாவது குதிப்பது, ஏறுவது மாதிரி. 60 நிமிடத்தை ஒரே மூச்சில் செய்ய வேண்டியதில்லை. பள்ளிக்கு நடப்பது 20, ஸ்கிப்பிங் 10, மாலையில் விளையாட்டு அரை மணி. சரியாகிவிட்டது பாருங்கள்.

பெரியவளான பிள்ளைகள் ஏன் திடீரென்று மைதானத்துக்கு வருவதில்லை என்று எனக்குத் தெரியும். யாரும் வெளியே சொல்வதில்லை, நான் சொல்கிறேன். ஓடும்போது மார்பு அசைவது கூச்சமாக இருக்கிறது. அந்த மூன்று நாளில் கறை பட்டுவிடுமோ என்று பயம். இரண்டும் அம்மா சரிசெய்யக்கூடியவை. விளையாட்டுக்கு என்றே இறுக்கமான உள்ளாடை கடையில் கிடைக்கிறது. வாங்கிக் கொடுங்கள். அடர்நிற டிராக் பேன்ட்டும், பையில் ஒரு மாற்று நாப்கினும் கொடுத்து அனுப்புங்கள். வயிறு வலிக்காத நாளில் மாதவிலக்கோடு விளையாடலாம், ஒரு தீங்கும் இல்லை. என் பிள்ளைகள் மாவட்டப் போட்டியே ஆடியிருக்கிறார்கள்.

ஆவடி அப்பா (பிப்ரவரி 8, காலை 7.05)

அம்மாக்கள் பேசுகிற இடத்தில் நுழைவதற்கு மன்னிக்கவும். என் மகள் பேட்மிண்டன் ஆடுகிறாள். எங்கள் பிரச்சினை ஞாயிற்றுக்கிழமை. போட்டியெல்லாம் அன்றைக்குத்தான் வைக்கிறார்கள். எரிக் லிடெல் 1924 பாரிஸ் ஒலிம்பிக்கில் 100 மீட்டர் தகுதிச்சுற்று ஞாயிறு என்பதால் ஓடவில்லை, 400 மீட்டரில் ஓடித் தங்கம் வாங்கினார். பின்னால் சீனாவுக்கு மிஷனரியாகப் போனார். அவர் விட்டுக்கொடுக்கவில்லை. நாங்கள் மட்டும் விட்டுக்கொடுக்கலாமா? இதுவரை நான்கு போட்டிகளை விட்டிருக்கிறோம். அவள் அழுதாள். எனக்கும் கஷ்டமாகத்தான் இருந்தது.

பி.டி. டீச்சர் (பிப்ரவரி 8, மாலை 6.20)

ஐயா, லிடெல் அந்த முடிவைத் தானே எடுத்தார். அப்போது அவர் வளர்ந்த மனிதர். உங்கள் மகளிடம் கேட்டீர்களா? என் மாணவிகள் சிலர் விடியற்காலை ஐந்தரை ஆராதனைக்குப் போய்விட்டு நேரே மைதானத்துக்கு வருகிறார்கள். அதில் எனக்கு ஒரு தப்பும் தெரியவில்லை.

ஆவடி அப்பா (பிப்ரவரி 8, இரவு 9.00)

கேட்கவில்லை, டீச்சர். கேட்கிறேன். ஆனால் ஓய்வுநாளை விட்டுவிடுவது எனக்கு இன்னும் ஒப்பவில்லை. அதை அவளிடமும் மறைக்க மாட்டேன்.

திண்டுக்கல் அக்கா (பிப்ரவரி 9, காலை 11.30)

லெந்து பற்றிக் கேட்டிருந்தீர்கள், நாங்கள் அதைத் தவக்காலம் என்போம். எங்கள் கத்தோலிக்கச் சட்டத்திலேயே, ஒருசந்தி (நாளுக்கு ஒரே முழுச் சாப்பாடு) இருக்க வேண்டியது 18 வயது நிறைந்தவர்கள்தான், அதுவும் 60ஆம் வயது தொடங்கும்வரை. சுத்தபோசனம், அதாவது இறைச்சியை விடுவது, 14 நிறைந்தவர்களுக்கு. வளருகிற பிள்ளைகளைத் திருச்சபையே பட்டினி போடச் சொல்லவில்லை. நீங்கள் வேறு சபை என்றாலும், பெரியவர்கள் யோசித்து வைத்த அளவு இது என்று அத்தையிடம் சொல்லலாம். என் மகள் நாற்பது நாளும் இரவு எட்டு மணிக்கு மேல் போனை என்னிடம் கொடுத்துவிடுவாள். அவளுக்குச் சாப்பாட்டை விடுவதைவிட அதுதான் கஷ்டம்.

இன்னொன்று. மனசைத் திறந்து எழுதுகிறேன். உடம்பைப் பார்த்துக்கொள் என்று சொல்வதற்கும் உடம்பைக் குறை என்று சொல்வதற்கும் நடுவில் ஒரு மெல்லிய கோடுதான் இருக்கிறது. நான் அதைத் தாண்டிவிட்டேன். மூத்தவளுக்கு 15 வயது இருக்கும்போது, பூசை முடிந்து வெளியே வந்ததும் சொந்தக்காரர் ஒருவர் "என்ன இப்படிக் குண்டாயிட்டே, மாப்பிள்ளை எப்படிக் கிடைக்கும்" என்றார். நானும் கூடச் சேர்ந்து சிரித்தேன். அன்றிலிருந்து ராத்திரிச் சாப்பாட்டை நிறுத்தினாள். காலையில் மொட்டைமாடியில் ஓட்டம். நானும் பிள்ளை சுறுசுறுப்பாகிவிட்டாள் என்று சந்தோஷப்பட்டுக்கொண்டிருந்தேன். முடி கொத்துக்கொத்தாகக் கொட்டியது. நான்கு மாதம் மாதவிலக்கு வரவில்லை. அப்புறம்தான் டாக்டரிடம் ஓடினோம். மீண்டு வர ஒன்றரை வருடம் ஆனது.

இப்போது எங்கள் வீட்டில் எடை மிஷின் இல்லை. குண்டு, ஒல்லி, கறுப்பு என்ற மூன்று வார்த்தைகளும் இல்லை. "இன்றைக்கு எவ்வளவு தூரம் நடந்தே, கால் வலிக்குதா, பசிக்குதா" என்று மட்டும்தான் கேட்கிறேன். அந்தச் சொந்தக்காரர் இன்னும் கோயிலுக்கு வருகிறார். மறுபடி அவர் அப்படி ஆரம்பித்தபோது, "அவளைப் பற்றி அப்படிப் பேசாதீங்க மாமா" என்று மகள் காதில் விழுகிற மாதிரியே சொன்னேன். மூன்று வருடம் தாமதமாகச் சொன்னேன்.

வேலூர் நர்ஸ் (பிப்ரவரி 9, மதியம் 1.10)

திண்டுக்கல் அக்கா எழுதியதை எல்லா அம்மாக்களும் படிக்க வேண்டும். ஒழுங்காக வந்துகொண்டிருந்த மாதவிலக்கு மூன்று மாதம் வராமல் போனால், அதுவும் சாப்பாட்டைக் குறைத்து உடற்பயிற்சியைக் கூட்டுகிற பிள்ளைக்கு என்றால், காத்திருக்காதீர்கள். எலும்புக்கு வலு சேருகிற வயதே இதுதான். இந்த வயதில் விட்டதை நாற்பதில் பிடிக்க முடியாது.

பாளை அம்மா (பிப்ரவரி 10, இரவு 10.15)

எல்லாவற்றையும் இரண்டு முறை படித்தேன். பதில் எழுதக் கை வரவில்லை.

ஆச்சி சொன்ன மாற்கு 5ஐக் குடும்ப ஜெபத்தில் வாசிக்கச் சின்னவளிடம் கொடுத்தேன். வேண்டுமென்றேதான் கொடுத்தேன். "அவளுக்கு ஆகாரங்கொடுங்கள்" என்று அவள் வாசித்து முடித்ததும் அத்தை ஒன்றும் பேசவில்லை. வழக்கம்போல ஜெபித்துவிட்டு எழுந்து போனார்கள். காலையில் அடுப்படியில் பார்த்தால் உளுந்தங்களி கிண்டிக்கொண்டிருக்கிறார்கள், கருப்பட்டியும் நல்லெண்ணெயும் ஊற்றி. பெரியவள் சடங்கான புதிதில் கிண்டினது, அதற்கப்புறம் இந்த வீட்டில் கிண்டவே இல்லை. "பிள்ளைக்கு இடுப்புக்கு வலு வேணும்லா" என்றார்கள். வசனத்தைப் பற்றி ஒரு வார்த்தை இல்லை. நானும் எடுக்கவில்லை.

என் பங்கு ஒன்று இருக்கிறது. டாக்டர் கேட்டதிலிருந்து மனசில் குத்திக்கொண்டே இருந்தது. பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொடுப்பது எப்படி என்று கேட்டுத்தான் இங்கே எழுதினேன். நான் கடைசியில் சாப்பிடுவதை, நின்றுகொண்டே சாப்பிடுவதை, மிச்சத்தைச் சாப்பிடுவதைப் பதின்மூன்று வருடமாக ஒரு வார்த்தை பேசாமல் சொல்லிக்கொடுத்திருக்கிறேன். அவள் நன்றாகவே படித்துக்கொண்டாள். நாளையிலிருந்து காலை ஏழரைக்கு மூன்று பேரும் உட்கார்ந்து சாப்பிடப்போகிறோம். ஞாயிற்றுக்கிழமை நான் உபவாசமாகவே இருப்பேன், அது எனக்கும் ஆண்டவருக்கும் உள்ளது. ஆனால் பிள்ளைகள் சாப்பிட்டுவிட்டுத்தான் செருப்புப் போடுவார்கள்.

மார்ச் ஒன்றாம் தேதி முதல் ஆட்டோவை நிறுத்துகிறோம். நானும் கூட நடக்கிறேன். அடுத்த பெற்றோர் கூட்டத்தில் பி.டி. பீரியடைப் பற்றியும் கேட்பேன்.

சண்டே ஸ்கூல் ஆச்சி (பிப்ரவரி 11, காலை 5.30)

உன் அத்தை நல்லவள். களி கிண்டினவளிடம் வசனத்தைப் பற்றி இனிமேல் வாதாடாதே.

பாளை அம்மா (ஏப்ரல் 12, இரவு 9.20)

இரண்டு மாதம் ஆகிவிட்டது. எப்படி இருக்கிறாள் என்று தனிமடலில் பலர் கேட்டிருந்தீர்கள்.

ஹீமோகுளோபின் 11.2. மாத்திரை இன்னும் மூன்று மாதம் தொடர வேண்டும் என்று டாக்டரம்மா சொல்லிவிட்டார்கள். முதல் வாரம் குமட்டல் என்று அழுதாள். ராத்திரிச் சாப்பாடு முடிந்து போடலாம் என்று மாற்றிக் கொடுத்தார்கள், சரியாகிவிட்டது. பள்ளி நீல மாத்திரையை எறிந்தது உண்மைதானாம். திட்டவில்லை.

நடை தொடர்கிறது. முதல் மூன்று நாள் "எல்லாரும் பார்க்கிறாங்கம்மா" என்று தலையைக் குனிந்துகொண்டு வந்தாள். இப்போது எதிர்த்தெருப் பிள்ளைகள் இரண்டு பேர் சேர்ந்துகொண்டார்கள். நான் பின்னால் நடக்கிறேன், என்னை யாரும் கண்டுகொள்வதில்லை. அந்த இருபது நிமிடத்தில் அவள் பேசுகிற பேச்சை வீட்டில் ஒருநாளும் கேட்டதில்லை.

எல்லாம் நடந்துவிடவில்லை. வளையப்பந்துக்கு அவள் போகவில்லை. பிடிக்கவில்லையாம். சைக்கிள்தான் வேண்டும் என்கிறாள். அடைத்துக் கிடந்த சைக்கிளுக்கு டியூப் மாற்றியிருக்கிறோம். பெற்றோர் கூட்டத்தில் கேட்டதற்கு, பார்க்கலாம் என்றுதான் பதில் வந்தது. என்னோடு சேர்ந்து இன்னும் நான்கு அம்மாக்கள் கேட்டார்கள், ஜூனில் மறுபடி கேட்போம். இரவில் ஒன்பதரைக்குப் படுக்க வைப்பதில் நான் இன்னும் ஜெயிக்கவில்லை. தேர்வு நாட்களில் பதினொன்றரை ஆகிவிட்டது.

சின்னவள் ஸ்கிப்பிங் பிடித்துக்கொண்டாள். சாயங்காலம் முற்றத்தில் அவள் குதிக்க, அத்தை திண்ணையில் உட்கார்ந்து எண்ணுகிறார்கள். நாற்பத்திரண்டு வரை போயிருக்கிறது. அத்தை ஒன்றிரண்டைக் கூட்டி எண்ணுகிறார்கள் என்று பெரியவள் புகார் சொல்கிறாள். பி.டி. டீச்சர், அவளுக்குக் கயிறு அடிக்கடி காலில் சிக்குகிறது. கடையில் வாங்கினதை அப்படியே கொடுத்திருக்கிறேன். அளவு ஏதாவது உண்டா?

பி.டி. டீச்சர் (ஏப்ரல் 13, காலை 6.45)

உண்டு. கயிற்றின் நடுவை ஒரு காலால் மிதித்து நிற்கச் சொல்லுங்கள். இரண்டு பிடியையும் மேலே இழுத்தால் அக்குள் வரைக்கும் வர வேண்டும். அதற்கு மேல் போனால் நீளம். சிமெண்டுத் தரை என்றால் ஷூ போட்டுக் குதிக்கட்டும், மண் தரை இன்னும் நல்லது.

பாளை அம்மா (ஏப்ரல் 13, மாலை 6.50)

அளந்து பார்த்தோம். பெரியவளுக்குச் சரியான அளவு, சின்னவளுக்குத் தோளுக்கு மேல் போகிறது. இரண்டு பக்கமும் முடிச்சுப் போட்டிருக்கிறேன். இன்றைக்கு ஐம்பத்தேழு.